இரண்டு ஆட்சிக்கு ஒரு ஊர்

வாசகர் கேள்வி – பதில். பதில் எழுதுபவர் யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் நொத்தாரிசாக (காணி உறுதி எழுதுபவராக) இருந்து ஓய்வு பெற்றவர்.

கேள்வி: ஐயா, என்னுடைய மகன் ஜேர்மனியில் லிப்ஸ்டாட் என்ற ஊரில் இருக்கிறான். அவனிடம் போய் நின்றபோது ஹம் காமாட்சி அம்பாள் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். வரும் வழியில், “அம்மா, நான் இருக்கிற ஊர் நானூறு வருஷம் இரண்டு அரசுக்குச் சொந்தமாய் இருந்தது” என்றான். ஒரே ஊரை இரண்டு பேர் எப்படி ஆள முடியும்? – கரவெட்டி வாசகி

பதில்: மகன் சொன்னது சரி, தங்கச்சி. 1445 தொடங்கி 1850 வரைக்கும் லிப்ஸ்டாட் இரண்டு பிரபு வீடுகளுக்குப் பொதுவாய் இருந்த ஊர். 1185 அளவில் லிப்பே வீட்டுப் பேர்ன்ஹார்ட் என்பவர் அதை உண்டாக்கினார். அவருடைய சந்ததியார் பணமுடை வந்து, 1376இல் அதைப் பக்கத்து மார்க் பிரபுவிடம் ஈடு வைத்தார்கள். அந்தக் காலத்து ஜேர்மன் ஈடு பெரும்பாலும் எங்கள் தேசவழமையில் (யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டத்தில்) உள்ள ஒற்றிதான். வட்டி கிடையாது. கடன் கொடுத்தவர் ஊரின் வருமானத்தை அனுபவிப்பார், முதலைக் கொடுத்தால் மீட்கலாம். லிப்பேக்காரரால் முழுதாக மீட்க முடியவில்லை. கடைசியில் 1445இல் ஒரு இணக்கத்துக்கு வந்தார்கள். பாதி லிப்பேக்கு, மற்றப் பாதி, மார்க்கையும் கிளேவேயையும் சேர்த்து ஆண்ட கோமகனுக்கு.

இங்கேதான் கவனிக்க வேண்டும். கிழக்குத் தெரு உனக்கு, மேற்குத் தெரு எனக்கு என்று ஊரை வெட்டவில்லை. முழு ஊரிலும் ஆளுக்குப் பாதி. எங்கள் உறுதிகளில் ‘பிரிபடாத அரைப்பங்கு’ என்று எழுதுகிறோமே, அதே சங்கதி.

நாங்கள் இன்று ஆட்சி என்றால் ஒரு கொடி, ஒரு சட்டம், ஒரு பொலிஸ் என்று நினைக்கிறோம். அந்தக் காலத்தில் ஆட்சி என்பது பல உரிமைகளின் கட்டு. வழக்கு விசாரிக்கிற உரிமை, தண்டப்பணம் வாங்குகிற உரிமை, சுங்கம், மாவு ஆலையின் வருமானம், காட்டில் வேட்டை, கோவிலுக்குப் போதகரை நியமிக்கிற உரிமை என்று ஒவ்வொன்றும் தனித்தனி. ஒவ்வொன்றையும் விற்கலாம், ஈடு வைக்கலாம், மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கலாம். ஆனபடியால் அவற்றில் பாதி, காற்பங்கு என்று கணக்குப் போடுவது அவர்களுக்கு அதிசயமாகத் தெரியவில்லை. அதிகாரியைச் சேர்ந்து நியமிப்பார்கள், அல்லது முறை வைத்து நியமிப்பார்கள். வருமானத்தைப் பங்கின்படி பிரிப்பார்கள். குடிகள் இரண்டு வீட்டுக்கும் சத்தியம் செய்வார்கள்.

முறை வைப்பது எப்படி என்று விளங்க, ஹாம்பேர்க்குக்குப் பக்கத்தில் உள்ள பேர்கடோர்ஃபைப் பாருங்கள். இது பிரபு வீடுகளின் ஊர் இல்லை, இரண்டு நகரங்கள் சேர்ந்து ஆண்டது. ஆனால் ஒழுங்கு அதேதான். 1420இல் லூபெக், ஹாம்பேர்க் இரண்டும் சேர்ந்து அந்தக் கோட்டையையும் அதைச் சூழ்ந்த ஃபியர்லாண்ட என்ற தாழ்நிலத்தையும் சாக்சன்–லவுவன்பேர்க் கோமகனிடமிருந்து பிடித்தன. வியாபார வழியும் எல்பே ஆற்றுத் துறையும் அங்கே இருந்தபடியால் ஒருவரும் விட்டுக்கொடுக்கத் தயாராய் இல்லை. ஆகவே கோட்டையில் இருந்து ஆளுகிற அதிகாரியைச் சில வருஷம் லூபெக் அனுப்பும், அடுத்த சில வருஷம் ஹாம்பேர்க் அனுப்பும். முதலில் நான்கு வருஷ முறை, பிறகு ஆறு வருஷ முறை. இந்தக் கூட்டு ஆட்சி நாலரை நூற்றாண்டு நின்றது. 1868 ஜனவரி 1ஆம் திகதிதான் ஹாம்பேர்க் 200,000 தாலர் (அந்தக் கால வெள்ளி நாணயம்) கொடுத்து லூபெக்கின் பங்கை வாங்கியது. ஃபியர்லாண்ட மண் மரக்கறிக்கும் பூவுக்கும் பேர்போனது. ஆட்சி முறை மாறி மாறி வந்த காலத்திலும் ஹாம்பேர்க் சந்தைக்குச் சாமான் அங்கேயிருந்து போய்க்கொண்டுதான் இருந்தது.

லிப்ஸ்டாட்டில் ஒரு சிக்கல் பிறகு வந்தது. 1609இல் கிளேவே சந்ததி அற்றுப்போக, அந்தப் பாதி பிராண்டன்பேர்க் கைக்குப் போனது. பிராண்டன்பேர்க் பிறகு புருசியா ஆனது. ஒரு பக்கம் ஐரோப்பாவையே அசைக்கிற புருசியா, மற்றப் பக்கம் கைக்குட்டை அளவு லிப்பே. அப்படியிருந்தும் அந்தச் சிறிய வீட்டின் பாதி இன்னும் இரு நூற்றாண்டுக்கு மேல் பாதியாகவே நின்றது. எனக்கு இந்தச் சரித்திரத்தில் மிகவும் பிடித்த இடம் அதுதான். பட்டாளத்தின் அளவைப் பார்த்துப் பங்கு குறையவில்லை. 1850இல் லிப்பே தானாக உடன்படிக்கை எழுதிக் கொடுத்த பிறகே முழு ஊரும் புருசியாவுக்குப் போனது.

கேள்வி: ஐயா, மூத்த மகனுக்கு முடி என்பதுதானே அரச முறை? இவர்கள் ஏன் பங்கு போட்டார்கள்? – உயர்தரத்தில் வரலாறு படிக்கும் மாணவன், சுன்னாகம்

பதில்: தம்பி, மூத்தவனுக்கே எல்லாம் என்பது ஜேர்மன் பிரபுக்களிடம் பிந்தி வேரூன்றிய வழக்கம். 1356இல் நான்காம் கார்ல் பேரரசர் வெளியிட்ட பொற்சாசனம், பேரரசரைத் தெரிவு செய்கிற இளவரசர்களின் நாட்டை மட்டும் பிரிக்கக் கூடாது என்றது. மற்ற வீடுகளில் ஆண் மக்கள் எல்லாருக்கும் பங்கு. ஹெசன் நாட்டை எடுத்துக்கொள்ளும். 1567இல் பிலிப் இறந்தபோது நான்கு மகன்மாருக்கு நான்கு துண்டு: காசல், மார்பூர்க், ரைன்ஃபெல்ஸ், டார்ம்ஸ்டாட். ஆனால் மார்பூர்க் பல்கலைக்கழகத்தையும், ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் தகப்பன் நிறுவிய பெரிய ஆஸ்பத்திரிகளையும் பிரிக்காமல் பொதுவில் வைத்தார்கள்.

அதேபோல 1485இல் லைப்சிக்கில் சாக்சனி நாட்டை ஏர்ன்ஸ்ட், அல்பிரெக்ட் என்ற சகோதரர் இருவர் பிரித்தார்கள். பழைய சாக்சன் வழக்கப்படி மூத்தவர் பிரிக்க வேண்டும், இளையவர் எடுக்க வேண்டும். எந்தப் பாதி தனக்கு மிஞ்சும் என்று தெரியாதவன் எல்லையை நேர்மையாகப் போடுவான் அல்லவா! இதைவிட நல்ல பங்குமுறையை நான் எந்தச் சட்டப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஆனால் மலையில் இருந்த வெள்ளிச் சுரங்கங்களை மட்டும் இருவரும் பொதுவில் விட்டார்கள். நிலத்தைக் கோடு போட்டுப் பிரிக்கலாம். எந்தப் பக்கத்தில் நாளை வெள்ளி கிடைக்கும் என்று யார் சொல்ல முடியும்?

பிரிக்க முடியாத இன்னொன்று கோட்டை. மோசல் ஆற்றுக்குப் பக்கத்துக் காட்டில் எல்ட்ஸ் கோட்டை இருக்கிறது. எண்பதுகளில் ஜேர்மனிக்குப் போன எங்கள் ஆட்கள் 500 மார்க் நாணயத் தாளைத் திருப்பிப் பார்த்திருந்தால் அதைக் கண்டிருப்பார்கள். 1268இல் எலியாஸ், வில்ஹெல்ம், தியோடெரிக் என்ற மூன்று சகோதரர் பாகம் பிரித்தார்கள். மூன்று கிளையும் அதே பாறையில், அதே முற்றத்தைச் சுற்றித் தனித்தனி மாளிகை கட்டிக்கொண்டன. முற்றம் ஒன்று, வாசல் ஒன்று, மாளிகை மூன்று.

இப்படி வாழ்ந்தவர்கள் ‘கோட்டைச் சமாதானம்’ என்று ஒரு சாசனம் எழுதுவார்கள். எல்ட்ஸில் மட்டும் இல்லை, கூட்டு உரித்தாளர் இருந்த கோட்டைகள் அநேகத்தில் இது இருந்தது. அதில் பெரிய தத்துவம் ஒன்றும் இராது. மதிலுக்குள் ஆயுதம் எடுக்கக் கூடாது. ஒரு பங்காளியின் எதிரிக்கு மற்றப் பங்காளி உள்ளே இடம் கொடுக்கக் கூடாது. வாசல் காவலனுக்கும் கோபுரக் காவலனுக்கும் சம்பளம் பொதுவில். கூரை, மதில் திருத்த வேலைக்குப் பங்காளிகளுக்குள் ஒருவரைப் பொறுப்பாய்த் தெரிவு செய்து அவர் கணக்குக் காட்ட வேண்டும். வயதுக்கு வந்த வாரிசு இந்தச் சாசனத்துக்குச் சத்தியம் செய்யாமல் பங்கை அனுபவிக்க முடியாது. பங்கை விற்கப் போனால் முதலில் மற்றப் பங்காளிகளிடம் கேட்க வேண்டும் என்றும் பல சாசனங்களில் எழுதி வைத்தார்கள். தம்பி, பரீட்சைக்கு இது வராது. என்றாலும் அந்த நூற்றாண்டுகளின் ஆட்சி எப்படி நடந்தது என்று அறிய, போர்களின் திகதிகளைவிட இந்தக் காவலன் சம்பளக் கணக்கு உதவும்.

எல்ட்ஸ் கோட்டை ஒருபோதும் அழிக்கப்படவில்லை. 1815இல் ஒரு கிளை மற்றதன் பங்கை வாங்கி முழுவதும் ஒரு கைக்கு வந்தது. இன்றும் அதே குடும்பத்திடம் இருக்கிறது.

கேள்வி: இரண்டு எசமான் என்றால் குடிசனத்துக்கு இரண்டு வரியா? – கோப்பாய்த் தோட்டக்காரர் ஒருவர்

பதில்: இல்லை ஐயா, பெரும்பாலும் வரி ஒன்றுதான்; வசூலான பிறகுதான் பங்கு. சில ஊர்களில் குடிகளையே வீடு வீடாகப் பிரித்தார்கள்: இந்தக் கூரை இன்னாருக்கு, அடுத்த கூரை மற்றவருக்கு. அங்கே அடுத்தடுத்த வளவில் இருப்பவர்கள் வேறு வேறு நீதிமன்றத்துக்குப் போவார்கள். தொல்லை இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு தரப்பின் கையெழுத்தும் தேவைப்படுகிற காரியம் எப்போதும் இழுபடும்.

ஆனால் ஏழைக்கும் ஒதுக்கப்பட்டவனுக்கும் இரண்டு எசமான் இருப்பது பல நேரம் ஒரு புகலிடம். ஃபூர்த் நகரத்தைச் சொல்கிறேன். அதில் மூன்று பேருக்கு அதிகாரம் இருந்தது: பாம்பேர்க் தலைமைக் கோவிலின் குருமார் சபை, அன்ஸ்பாக் மார்க்கிரேவ் என்ற எல்லைப்பிரபு, பக்கத்துப் பெரிய நகரமான நூரன்பேர்க். நூரன்பேர்க் 1499இல் யூதர்களை ஊரைவிட்டுத் துரத்தியது. 1528இல் அன்ஸ்பாக் எல்லைப்பிரபு, ஃபூர்த்தில் அவர்கள் குடியிருக்க இடம் கொடுத்தார். நூரன்பேர்க்குக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் தனியாக ஒன்றும் செய்ய முடியவில்லை. பிறகு குருமார் சபையும் தன் பங்குக்கு யூதர்களை வரவிட்டது. தெற்கு ஜேர்மனியிலேயே பெரிய யூத சமூகங்களில் ஒன்று அங்கே வளர்ந்தது. பள்ளிக்கூடம், அச்சகம், ஆஸ்பத்திரி எல்லாம் வந்தன. ஒரே எசமான் இருந்திருந்தால் நூரன்பேர்க்கில் நடந்ததுதான் ஃபூர்த்திலும் நடந்திருக்கும். அகதியாய்ப் போய்க் கதவு தட்டிய சமூகம் நாங்கள். இந்தக் கதையை நாங்கள் சும்மா படித்துவிட்டுப் போக முடியாது.

மாஸ்ட்ரிக்ட் இன்னொன்று. இன்று அது நெதர்லாந்தில், அன்று ஜேர்மன் பேரரசுக்குள். லியேஜ் ஆயரும் பிரபாண்ட் கோமகனும் சேர்ந்து ஆண்டார்கள். 1284இல் எழுதிய சாசனம் யாருக்கு எது என்று வகுத்தது. பிள்ளை யாருடைய குடி என்பதைத் தாயை வைத்துத்தான் தீர்மானித்தார்கள். தாய் லியேஜ் என்றால் பிள்ளையும் லியேஜ். 1632இல் ஒல்லாந்தர் அந்த ஊரைப் பிடித்தபோது கூட, ஆயரின் பங்கைத் தொடவில்லை; பிரபாண்டின் இடத்தில் தாங்கள் இருந்து சேர்ந்தே ஆண்டார்கள். அதே ஒல்லாந்தர்தான் 1658இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள், 1707இல் தேசவழமையை எழுத்தில் பதிந்தார்கள். முதிசம், சீதனம், தேடியதேட்டம், பங்காளியின் முன்னுரிமை எல்லாவற்றையும் அவர்கள் அப்படியே ஏற்றுக்கொண்டது ஏன் என்று நான் பல தடவை யோசித்ததுண்டு. பிரிபடாத பங்கு என்பது அவர்கள் ஊரிலேயே பழகிய விஷயம்.

கேள்வி: ஒரு பிரபு கத்தோலிக்கர், மற்றவர் புரட்டஸ்தாந்தர் என்றால் என்ன செய்தார்கள்? – யாழ். நகர வாசகர்

பதில்: மிகவும் கஷ்டப்பட்டார்கள். 1555இல் எழுதிய சமய உடன்படிக்கை, நாட்டை ஆளுகிறவரின் சமயமே நாட்டின் சமயம் என்றது. ஆளுகிறவர் இருவர் என்றால் அந்த விதி உதவாது. இதற்கு வந்த வழிகளில் ஒன்று ஒரே கோவிலை இரண்டு சபையும் நேரம் பிரித்து, இடம் பிரித்துப் பாவிப்பது. சாக்சனியில் உள்ள பவுட்சன் நகரத்துப் பேதுரு ஆலயத்தில் 1524 தொடக்கம் இன்றுவரை கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் சேர்ந்து வழிபடுகிறார்கள், நடுவில் ஒரு கிராதி. அது கூட்டு ஆட்சியால் வந்தது இல்லை. ஆனால் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வணங்கலாம் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆயரே ஆண்ட ஒஸ்னாபுரூக் நாட்டில் 1648க்குப் பிறகு ஒரு முறை கத்தோலிக்க ஆயர், அடுத்த முறை பிரவுன்ஷ்வைக்–லூனபேர்க் வீட்டு லூத்தரன் இளவரசர் என்று மாறி மாறி ஆட்சி. நாள்காட்டியிலும் தகராறு: கத்தோலிக்க நாடுகள் 1582 தொடங்கிப் புதிய நாள்காட்டிக்கு மாற, ஜேர்மன் புரட்டஸ்தாந்தர் 1700 வரை மாறவில்லை. இடையில் பத்து நாள் வித்தியாசம். இரண்டு சபையும் கலந்து இருந்த ஊரில் பாஸ்கா (உயிர்த்த ஞாயிறு) எப்போது என்று நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: இவர்களுக்குள் சண்டையே வரவில்லையா? – கொக்குவில்

பதில்: வந்தது. பெரும்பாலும் வழக்காக வந்தது. 1495இல் பேரரசின் உயர் நீதிமன்றம் ஏற்பட்ட பிறகு பங்காளிச் சண்டைகள் அங்கே போய் வருஷக்கணக்கில் கிடந்தன. வாளை எடுப்பதைவிட அது எவ்வளவோ நல்லது. ஆனால் ஹெசனில் 1604இல் மார்பூர்க் கிளை அற்றுப்போக, காசலும் டார்ம்ஸ்டாட்டும் அந்தத் துண்டுக்காக 1648 வரை மோதின. ஊர்கள் எரிந்தன.

எல்லாவற்றிலும் மோசமானது 1864. டென்மார்க்கைத் தோற்கடித்த புருசியாவும் ஆஸ்திரியாவும் ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் இரண்டையும் பொதுவில் எடுத்தன. 1865 ஓகஸ்டில் காஸ்டைன் உடன்படிக்கையில் நிர்வாகத்தைப் பிரித்தார்கள்: ஷ்லெஸ்விக் புருசியாவுக்கு, ஹோல்ஸ்டைன் ஆஸ்திரியாவுக்கு. 1866இல் போர். புருசியப் பிரதமர் பிஸ்மார்க்குக்கு முழுவதும் வேண்டியிருந்தது. மற்றவனை வெளியேற்றும் நோக்கத்தோடு கையெழுத்து வைக்கிற கூட்டு இரண்டு வருஷமும் நிற்காது.

கேள்வி: ஐயா, நவிண்டிலில் எங்கள் ஐந்து பேருக்கும் பிரிபடாத காணி. தோட்டக் கிணறும் அதில்தான். மூன்று பேர் வெளிநாட்டில். பிரிப்பதா, பொதுவில் வைப்பதா? – வாசகி

பதில்: பிள்ளை, இது சரித்திரக் கேள்வி இல்லை. என்றாலும் நான் இந்த முறை எழுதியவற்றோடு நேரே சேர்கிறது.

ஸ்பொன்ஹைம் என்ற சிறு நாட்டின் கடைசிப் பிரபு யோகான் பிள்ளை இல்லாதவர். 1425இலேயே, தான் உயிரோடு இருக்கும்போதே, பாடன் வீட்டையும் ஃபெல்டன்ஸ் வீட்டையும் கூப்பிட்டு, தனக்குப் பின் நாட்டைப் பிரிக்காமல் சேர்ந்து ஆள வேண்டும் என்று எழுதி முடித்தார். 1437இல் அவர் கண் மூடினார். அந்த நாடு முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு பகுதி. முன்பக்க ஸ்பொன்ஹைமில் பங்கு இப்படி: பாலற்றினேட் வீட்டுக்கு ஐந்தில் ஒன்று, பாடனுக்கு ஐந்தில் இரண்டு, ஃபெல்டன்ஸுக்கு ஐந்தில் இரண்டு. வீடுகள் அற்றுப்போய்ப் பங்குகள் கை மாறின. பாலற்றினேட் ஐந்தில் மூன்று ஆனது, பாடனின் ஐந்தில் இரண்டு அப்படியே இருந்தது. அதை 1707இல்தான் பிரித்தார்கள். பின்பக்கத்தை 1776இல். இவ்வளவு காலம் நின்றதற்குக் காரணம், முதல் நாளே பின்னம் தெளிவாய் எழுதப்பட்டதும், அதிகாரி யார், கணக்கு யாரிடம் என்பதும் எழுதப்பட்டதும்தான்.

உங்கள் உறுதியை எடுத்துப் பாருங்கள். ‘பிரிபடாத ஐந்தில் ஒரு பங்கும், கிணற்றில் தண்ணீர் அள்ளும் உரித்தும், வழிவாய்க்கால் உரித்தும்’ என்று இருக்கும். காணியைப் பரப்பாய், குழியாய்ப் பிரிக்கலாம். கிணற்றைப் பிரிக்க வேண்டாம். ஐந்து பேருக்கும் சம்மதம் என்றால் நில அளவையாளரைக் கொண்டு வரைபடம் கீறி, கிணற்றையும் அதற்குப் போகிற வழியையும் பொதுவில் விட்டு, பங்குபிரிப்பு உறுதி எழுதுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அற்றோணித் தத்துவம் அனுப்பலாம். சம்மதம் இல்லை என்றால் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின் கீழ் ஒருவர் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் நீதிமன்றம் காணியை விற்கச் சொல்லவும் இடம் உண்டு என்பதை மறக்க வேண்டாம். ஒருவர் தன் பங்கை வெளியாளுக்கு விற்கப் பார்த்தால், 1947ஆம் ஆண்டின் தேசவழமை முன்னுரிமைச் சட்டம் மற்றப் பங்காளிகளைக் காக்கிறது. விற்க முதல் அவர்களுக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும்.

பொதுவில் வைப்பது என்று முடிவெடுத்தால் வாயால் பேசி விடாதேயுங்கள். இறைப்பு முறை எந்த நாள் யாருக்கு, மோட்டர் பழுதானால் யார் காசு, வேலி அடைப்பு யார் பொறுப்பு, கேற்றுத் திறப்பு யாரிடம், வருமானம் வந்தால் எந்த வங்கிக் கணக்கில் என்று எழுதி ஐந்து பேரும் கையெழுத்து வையுங்கள். ஒரு பக்கத் தாள் போதும். நொத்தாரிசு வேலையில் நான் கண்ட சகோதர வழக்குகள் அநேகமாக காணியின் அளவில் தொடங்கவில்லை. கேட்காமல் ஒருவர் வெட்டிய பனையில் தொடங்கின.

கேள்வி: இப்படிப்பட்ட கூட்டு ஆட்சி இன்றும் எங்காவது உண்டா? – மானிப்பாய்

பதில்: பிரபு வீடுகளின் கூட்டு இல்லை. 1803இலும் 1806இலும் பழைய பேரரசு குலைந்தபோது சின்னப் பிரபுக்களோடு அதுவும் போனது. மிச்சம் நின்ற சிலதில் கியூர்ன்பாக் என்ற கிராமம் முக்கியம். ஹெசனும் வூர்ட்டம்பேர்க்கும், பிறகு ஹெசனும் பாடனுமாக, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அதைச் சேர்ந்து வைத்திருந்தன.

ஆனால் இரண்டு நாடு சேர்ந்து வைத்திருக்கிற ஆறுகள் மூன்று இன்றும் உண்டு. ஜேர்மனிக்கும் லக்சம்பேர்க்குக்கும் இடையில் ஓடும் மோசல், சவுவர், ஊர் (Our) என்ற ஆறுகள் எல்லையாக இருக்கிற நீளம் முழுவதும் இரண்டு நாட்டுக்கும் பொது. நடு ஆற்றில் கோடு இல்லை. 1816 உடன்படிக்கையில் வைத்த ஒழுங்கு இது, இன்றும் செல்லும். எங்கள் பிள்ளைகள் கடவுச்சீட்டுக் காட்டாமல் ஜேர்மனியிலிருந்து பிரான்சுக்குப் போய்வர வழி செய்த ஷெங்கன் உடன்படிக்கை 1985 ஜூன் 14இல் கையெழுத்தானது அந்த மோசலில் நின்ற ஒரு கப்பலில்தான். உங்கள் சொந்தக்காரர் யாராவது அந்தப் பக்கம் இருந்தால் ஷெங்கன் ஊர்க் கரைக்குப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். பிரான்சின் எல்லையும் அங்கேதான் வந்து சேர்கிறது.